பெர்சி ஜாக்சனை மறுபடி எடுத்தது சரியா? ஒரு டாக்டரின் பார்வையில் (நீண்ட இழை)

1. "ஏற்கெனவே சொதப்பின படத்தை எதுக்குங்க மறுபடி எடுக்கணும்? காசு பாக்கத்தானே?" பெர்சி ஜாக்சன் தொடரைப் பத்தி பேச்செடுத்தாலே வர்ற கேள்வி இது. ஆமா, காசு பாக்கத்தான். ஆனா இந்த ஒரு கதை விஷயத்துல திரைக்காரங்க குழந்தைகளுக்கு ஒரு கடன் பட்டிருந்தாங்க. டாக்டரா இருந்துக்கிட்டு நான் ஏன் இதைச் சொல்றேன்னு பார்ப்போம்.

2. தெரியாதவங்களுக்கு: பெர்சி ஒரு 12 வயசுப் பையன். ஆறு வருஷத்துல ஆறு ஸ்கூல் மாறினவன். எழுத்தைப் பார்த்தா தடுமாறுவான், ஒரு இடத்துல உட்கார மாட்டான். அவன் கிரேக்கக் கடல் தெய்வம் போசைடனோட பிள்ளைன்னு ஒரு நாள் தெரிய வருது. முதல் புத்தகம் 2005-ல் வந்தது. எழுதியவர் ரிக் ரியோர்டன், 15 வருஷம் பள்ளி ஆசிரியரா இருந்தவர்.

3. கதை பிறந்த கதை முக்கியம். அவரோட மூத்த மகனுக்கு இரண்டாம் வகுப்புல ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா ரெண்டும் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ராத்திரி தூங்கப் போகும்போது பையனுக்கு கிரேக்கப் புராணம் சொல்லிட்டு வந்தவர், புராணம் தீர்ந்து போனதும் புதுசா ஒண்ணு கட்டிச் சொன்னார். அதுதான் பெர்சி. படிக்கத் திணறிய ஒரு பையனுக்கு அப்பா வாயால சொன்ன கதை.

4. அந்தக் கதைக்குள்ள ஒரு விளக்கம் வரும். எழுத்து குழம்புதுன்னா உன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைஞ்சது. துறுதுறுன்னு இருக்கியா, அது போர்க்களத்துல உயிரைக் காப்பாத்துற அனிச்சைச் செயல்.

மருத்துவப்படி இது உண்மை இல்லை. டிஸ்லெக்சியா பெரும்பாலும் ஒலியையும் எழுத்தையும் இணைக்கிறதுல வர்ற சிரமம். கண்ணுலயோ அறிவுலயோ கோளாறு கிடையாது. ஏடிஹெச்டி என்பது கவனத்தையும் உந்துதலையும் கட்டுப்படுத்துறதுல உள்ள சிக்கல்.

ஆனா "நீ முட்டாள் இல்லடா"ன்னு ஒரு பிள்ளை மனசுல பதிய வைக்க, பத்து நிமிஷ ஆலோசனையில என்னால முடியாததை இந்தக் கதை செஞ்சுடுது.

5. இது ஏதோ நாலு பிள்ளைங்க பிரச்சினைன்னு நினைக்காதீங்க. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட 2022 கணக்குப்படி, அங்க 3 முதல் 17 வயசு வரை உள்ள பிள்ளைகள்ல ஏறக்குறைய ஒன்பதுல ஒருத்தருக்கு எப்போதாவது ஏடிஹெச்டி கண்டறியப்பட்டிருக்கு. இங்கேயும் "டாக்டர், இவன் சோம்பேறியா, திமிரா?"ன்னு கேட்டுத்தான் பெற்றோர் வர்றாங்க. பையன் பக்கத்துலயே தலைகுனிஞ்சு உட்கார்ந்திருப்பான்.

6. இப்போ என் வாதத்தோட மையத்துக்கு வர்றேன். நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு படம் சொதப்பினா நஷ்டம் இல்லை, அவனுக்குப் புத்தகம் இருக்கு. 370 பக்கப் புத்தகத்தைப் பார்த்தாலே வயிறு கலங்குற பிள்ளைக்குத் திரைதான் வாசல். அதாவது, இந்தக் கதை யாருக்காகப் பிறந்ததோ, அந்தப் பிள்ளையைத்தான் மோசமான படம் முதல்ல ஏமாத்துது.

7. 2010-ல் முதல் படம் வந்தது. இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ், முதல் ரெண்டு ஹாரி பாட்டர் படங்களை எடுத்தவர். அப்புறம் எங்கே தப்பாச்சு? வயசுல. 12 வயசுப் பெர்சியை பதின்ம வயசு இளைஞன் ஆக்கிட்டாங்க. நடிச்ச லோகன் லெர்மனுக்குப் படப்பிடிப்பப்போ 17. அன்னபெத்தா நடிச்ச அலெக்சாண்ட்ரா டடாரியோவுக்கு 23.

8. "வயசுல என்ன சார் இருக்கு?" நிறைய இருக்கு. 17 வயசுப் பையன் அம்மாவைத் தேடி நாட்டைக் குறுக்கே கடந்தா அது சாகசம். 12 வயசுப் பையன் கிளம்பினா நமக்கு அடிவயிறு பகீர்ங்குது. அதோட ஐந்து புத்தகமும் ஒரு தீர்க்கதரிசனத்துல தொங்குது. மூத்த தெய்வங்களோட பிள்ளை ஒண்ணு 16 வயசை எட்டும்போது ஒலிம்பஸோட விதி முடிவாகும். முதல் படத்துலயே அந்த வயசுக்கிட்ட வந்து நின்னா, அப்புறம் எதை எண்ணிக் காத்திருக்கிறது?

9. இன்னும் இருக்கு. மொத்தக் கதைக்கும் பின்னால இருக்கிற குரோனோஸ் முதல் படத்துல இல்லவே இல்லை. புத்தகத்துல முத்துக்களைக் கடல் தேவதை ஒருத்தி கொடுப்பா. படத்துல அதையே ஊர் ஊராப் போய்ப் பொறுக்க வச்சாங்க, வீடியோ கேம் மாதிரி. ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா எல்லாம் ஓரிரு வசனத்தோட முடிஞ்சுது.

10. எழுத்தாளர் சும்மா இருக்கலை. வயசைக் கூட்டினா வாசகப் பிள்ளைகளை இழப்பீங்கன்னு 2009-லேயே தயாரிப்புத் தரப்புக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கார். பின்னாளில் அதைத் தன் இணையதளத்துலயே வெளியிட்டார். ரிப்போர்ட் முன்கூட்டியே மேசையில இருந்துச்சு. யாரும் படிக்கலை.

11. 2013-ல் இரண்டாவது படம். ரசிகர்கள் திட்டினாங்கன்னு அன்னபெத்துக்கு முடியைப் பொன்னிறம் ஆக்கினாங்க. குரோனோஸைக் கொண்டுவந்தாங்க, அதே படத்துல எழுப்பி, அதே படத்துல வீழ்த்தியும் முடிச்சாங்க! ஐந்தாம் புத்தகத்தோட உச்சத்தை இரண்டாம் பாகத்துலயே செலவழிச்சா மூணாவதுக்கு என்ன மிச்சம்? காய்ச்சலுக்குக் காரணம் தேடாம பாரசிட்டமால் மட்டும் கொடுத்த கதை.

12. வசூல் படுதோல்வி கிடையாது. முதல் படம் உலகம் முழுக்கச் சுமார் 22 கோடி டாலர், இரண்டாவது சுமார் 20 கோடி. ஆனா மூணாவது படம் வரவே இல்லை. டிக்கெட் வித்துச்சு, நம்பிக்கை விக்கலை.

13. 2023 டிசம்பர்ல டிஸ்னி ப்ளஸ்ல தொடரா வந்துச்சு. இந்த முறை ரியோர்டனே உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். படப்பிடிப்பு தொடங்கும்போது பெர்சியா நடிச்ச வாக்கர் ஸ்கோபெல்லுக்கு 13 வயசு. எட்டு எபிசோடு, ஒரு புத்தகம். நோய் எங்கேன்னு சரியாப் பிடிச்சுட்டாங்க.

14. அன்னபெத்தா லியா ஜெஃப்ரீஸ் என்ற கறுப்பினச் சிறுமியைத் தேர்வு செஞ்சதுக்கு இணையத்துல அந்தக் குழந்தையைத் திட்டித் தீர்த்தாங்க. ரியோர்டன் வெளிப்படையா அவளுக்கு ஆதரவா எழுதினார். என் கருத்து: முடியின் நிறமும் தோலின் நிறமும் மாறினா கதை நடக்கும். வயசு மாறினா கதை நொண்டும். முடியை மாத்திப் பார்த்த 2013 படம்தான் இதுக்குச் சாட்சி.

15. அதுக்காகத் தொடருக்கு முழு மார்க் போட மாட்டேன். புத்தகத்துல மெடூசாவோட கடைக்குள்ள பிள்ளைங்க பசியோட ஏமாந்து நுழைவாங்க, நமக்கு நெஞ்சு படபடக்கும். தொடர்ல அது யாருன்னு சட்டுனு தெரிஞ்சுடுது. அப்புறம் நின்னு பேசுறாங்க, பேசுறாங்க... பாடம் நடத்தினா உட்கார முடியாத பையனுக்காகப் பிறந்த கதையையே பாடம் ஆக்கிட்டா எப்படி? எழுத்தாளர் கூட இருந்தா கதை கெடாம இருக்கும். விறுவிறுப்புக்கு அவரால மட்டும் உத்தரவாதம் தர முடியாது.

16. இன்னொரு பெரிய ஆபத்து காலம். இரண்டாம் சீசன் வந்தது 2025 டிசம்பர்ல. கதையில பெர்சிக்கு 13. ஸ்கோபெல்லுக்கு 17 ஆக ஒரு மாசம்தான் பாக்கி. வளரும் பருவத்து உச்சத்துல பையன்கள் ஒரே வருஷத்துல 8, 9 செ.மீ. உயர்வாங்க. குரல் உடையும், மீசை அரும்பும். ஸ்டுடியோ கால்ஷீட்டுக்காக எந்த எலும்பும் காத்திருக்காது. 2010-ல் முடிவெடுத்துச் செஞ்ச தப்பை, இப்போ தாமதத்தால செய்ற நிலைமை.

17. முடியாத காரியமா? இல்லை. லெமனி ஸ்னிக்கெட் கதைகளை 2004-ல் மூணு புத்தகத்தை ஒரே படத்துல திணிச்சாங்க, அதோட நின்னுபோச்சு. நெட்ஃப்ளிக்ஸ் அதையே மறுபடி எடுத்து, 13 புத்தகத்தையும் 25 எபிசோடுல, 2017 ஜனவரியிலிருந்து 2019 ஜனவரிக்குள்ள முடிச்சுது. பிள்ளைகளை வச்சு எடுக்கிற தொடர்ல மொத்தக் கோர்ஸையும் இடைவெளி இல்லாம முடிக்கணும். ஆன்டிபயாடிக் மாதிரிதான்.

18. ஆக, மறுபடி எடுக்கிறவங்களுக்கு என் சீட்டு இதுதான்.
- முதல் முறை ஏன் தோத்துச்சுன்னு கண்டுபிடிங்க. ரசிகர் கத்துற இடம் வேற, நோய் இருக்கிற இடம் வேறயா இருக்கலாம்.
- கதாபாத்திரத்தோட வயசைத் தொடாதீங்க, அந்த வயசு ஓடிப்போறதுக்குள்ள முடிங்க.
- விளக்காதீங்க. பிள்ளைங்க பயப்படட்டும், ஏமாறட்டும், பிறகு கண்டுபிடிக்கட்டும்.

19. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்க பிள்ளை வாசிக்கத் திணறினா "டிவி பாக்குறான், புக் தொட மாட்டேங்கிறான்"னு திட்டாதீங்க. கூட உட்கார்ந்து தொடரைப் பாருங்க. பிடிச்சுப் போனா, அந்தப் புத்தகத்தை நீங்க வாசிங்க, அவன் கேட்கட்டும். ஒலிப்புத்தகமும் இருக்கு. கூடவே முறையான பரிசோதனைக்கும் கூட்டிட்டுப் போங்க. எழுத்துப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ அவ்வளவு நல்லது.

20. காசுக்காகவே எடுக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சரியா எடுத்தா, கடைசி பெஞ்சுல தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் "அட, இவனும் என்னை மாதிரிதான்"னு நிமிர்ந்து பார்ப்பான். அந்த ஒருத்தனுக்காகவாவது அடுத்த சீசனைச் சீக்கிரம் எடுங்கப்பா.