களைப்புக்குச் சோம்பல் என்று பெயர் வைக்காதீர்கள்



"மேடு ஏறினா மூச்சு வாங்குது", "தலை கிறுகிறுங்குது", "கை கால் அசந்து போகுது". இந்தப் பேச்சு கேட்காத மலை எமது தோட்டங்களில் இல்லை. கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நடு மலையில் நின்றுவிட்டால் கங்காணி சத்தம் போடுகிறார். நிறை குறைந்தால் அரைப் பேர் விழுகிறது. வீட்டுக்கு வந்தால், "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல இப்படியா இருந்தோம்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கடைசியில் அவளே, "உழைக்கிற ஒடம்பு, அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறாள்.

அப்படி முடித்துவிட வேண்டாம் என்பதே இம்மாத வேண்டுகோள். தீராத களைப்புக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இரத்தச் சோகை. அதைச் சின்னப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் குணப்படுத்தவும் முடியும்.

மூச்சுக்காற்றை உடம்பெங்கும் கொண்டு செல்வது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்புச்சத்து வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12க்கும், ஆணுக்கு 13க்கும் குறைந்தால் சோகை. பெண்களுக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. பிள்ளைப்பேறுகள் அடுத்தடுத்து வந்தால் சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கிறது.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளங்கையையும் நகத்தையும் பாருங்கள். வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நாக்கை மட்டும் நம்ப வேண்டாம். வெற்றிலைச் சிவப்பு வெளுப்பை மறைத்துவிடும். இரத்தம் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. சோதிக்காமல் டவுனில் டொனிக் வாங்கிக் குடிப்பது சரியல்ல. எல்லாச் சோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை.

இனி தேத்தண்ணி விஷயம். நாம் பறிக்கும் கொழுந்தில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒன்றாக உள்ளே போனால் சத்தில் பெரும்பங்கு வீணாகிறது. கோப்பியும் அப்படித்தான். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறோம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரம் இருக்கட்டும். விடியக்காலை எழும்பியதும் ஒரு கோப்பை, வேலை விட்டு வந்ததும் ஒரு கோப்பை. மலையில் கிடைக்கும் இடைவேளை கொஞ்சம்தான். அங்கே ரொட்டிக்குச் சுடுதண்ணீர் போதும். கைக்குழந்தைக்கு ரொட்டியைச் சாயத்தில் நனைத்து ஊட்டும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுவோம்.

நெத்தலிக் கருவாடு, பச்சைப்பயறு, கௌபி, கடலை, பருப்பு, லயத்துக்குப் பக்கத்தில் வளரும் கீரை எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. கூடவே தேசிக்காய்ப் புளியோ, கொய்யாப்பழமோ, தக்காளியோ சேர்ந்தால் அது நன்றாக உடம்பில் சேரும். முட்டையோ ஈரலோ வாங்கும் நாளில் ஒன்றை யோசியுங்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் யார்? கறி முடிந்து குழம்பு மட்டும் மிஞ்சும் சட்டி யாருடையது? அதிகம் இரத்தம் இழப்பவளுக்குக் குறைவான பங்கு கிடைப்பது நியாயமல்ல. இதை ஆண் தோழர்களுக்கே சொல்கிறோம்.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகப் போடுங்கள். தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். தண்ணீரோடு போடுங்கள், தேசிக்காய்த் தண்ணீர் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள், நேரத்தை மாற்றித் தருவார். பத்து நாளில் தெம்பு வந்தது என்று விட்டுவிட்டால் நோய் திரும்பும். உள்ளே சேமிப்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். பாடசாலையில் கொடுக்கும் மாத்திரையைச் சில பிள்ளைகள் வாயில் வைத்துப் பின்னர் துப்புவதையும் நாம் பார்க்கிறோம். அந்தக் களைப்போடு அவர்கள் வகுப்பில் தூங்குவதையும் பார்க்கிறோம். பெற்றோர் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள். ஆனால் வீட்டில் உள்ள மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பு என்று அள்ளித் தின்றால் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிக்கு மூச்சுத் திணறினாலும், யாருக்காவது நெஞ்சு வலித்தாலும், மயக்கம் போட்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆணுக்கோ, தீட்டு நின்ற பெண்ணுக்கோ சோகை இருந்தால், மூலம் அல்லது வயிற்றுப்புண் போன்றவற்றால் இரத்தம் போகிறதா என்று டொக்டர் பார்க்க வேண்டும். மாத்திரை இல்லாமலே மலம் தார் போலப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் நம் கையில் உள்ளவை. நிர்வாகத்தின் கையில் உள்ளவையும் உண்டு. கிளினிக் போகிற நாளில் பேர் வெட்டு விழும் என்றால் யார்தான் போவார்கள்? மலையில் கழிப்பறையும் காலுக்குச் சப்பாத்தும் இல்லாமல் பூச்சி மருந்து மட்டும் கொடுத்தால் கொக்கிப்புழு திரும்பவும் வரும். ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் அடுத்த முறை துரையோடு பேசும்போது மூன்றைக் கேளுங்கள்: இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது, மலைக்குப் பக்கத்தில் கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும், மருத்துவச் சீட்டோடு வருபவருக்குத் தெம்பு வரும்வரை இலேசான வேலை கொடுக்க வேண்டும்.

நின்று மூச்சு வாங்கும் ஒருத்தியைப் பார்த்தால் இனி "சோம்பேறி" என்று சொல்லாமல், "ரத்தம் பாத்தியா தங்கச்சி?" என்று கேட்போம். பார்க்கவில்லை என்றால் அடுத்த கிளினிக் நாளில் நாமும் அவளோடு போவோம்.