மடி வற்றிய இரண்டு மாதங்கள்

கறவை மாட்டுக் கடன் பெற்ற அங்கத்தினர்களின் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். மாதந்தோறும் ஒழுங்காக வரவு வைக்கப்பட்ட தவணை, ஏதோ ஒரு மாதத்தில் நின்றுவிடுகின்றது. இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தபின் மீண்டும் வருகின்றது. இடைப்பட்ட மாதங்களுக்கு அவர் பெயருக்கெதிரே “தவணை தவறியவர்” என்று எழுதப்படுகின்றது. அபராத வட்டியும் ஏறுகின்றது. உண்மையில் தவறியவர் அவரல்லர். அவருடைய பசு நிறைசினையாக இருந்திருக்கின்றது. இதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். இது என் சொந்த அபிப்பிராயமேயன்றி இலாகாவின் உத்தரவன்று.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். கன்று ஈன்ற மூன்று மாதங்களுக்குள் அது மீண்டும் சினைப்பட்டால், ஆண்டிற்கொரு கன்று கிடைக்கும். இவ்வோராண்டில் பத்து மாதங்களே பால் கறத்தல் வேண்டும். ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்கள் கறவையை நிறுத்திவிடல் வேண்டும். நம்மில் பலர் இதனை வீண் நஷ்டமென்று கருதுகின்றனர். நாளொன்றுக்கு ஒரு படி வந்தாலும் வரட்டுமே என்று கறந்துகொண்டே இருப்பவரும் உளர். இது பெரும் பிழை. மடியினுள் பால் சுரக்கும் நுண்ணறைகள் தேய்ந்து, புதியன உண்டாவது இந்த ஓய்வுக் காலத்திலேதான். ஓய்வின்றிக் கறக்கப்பட்ட பசு, அடுத்த ஈற்றில் கால்பங்கு அளவிற்குப் பாலைக் குறைத்துவிடும். மேலும், வயிற்றிலுள்ள கன்று தன் எடையின் பெரும்பகுதியை அடைவது கடைசி மூன்று மாதங்களில். கன்றிற்கு நோய் தாங்கும் ஆற்றலைத் தரும் சீம்பால் உருவாவதும் இக்காலத்தின் இறுதியிலேதான். ஆகையால் பால் தராத இம்மாதங்களில் பசுவிற்குத் தீவனச் செலவு அற்றுப்போவதில்லை. வைக்கோல் மட்டும் போட்டு நிறுத்துதல் தகாது. அதில் புரதம் மிகக் குறைவு; பசுந்தீவனமும், ஈனும் நாள் நெருங்குகையில் ஒன்றிரண்டு கிலோ அடர்தீவனமும் கொடுத்தாக வேண்டும்.

வரவு இல்லை, செலவு உண்டு, தவணையும் உண்டு என்ற இந்த மூன்றின் நடுவே அகப்பட்ட குடும்பம் என்ன செய்யும்? தீவனத்தைக் குறைக்கும், அல்லது வற்ற வேண்டிய மடியைக் கறந்துகொண்டிருக்கும். இரண்டும் இயலாதபோது தரகனிடம் மாட்டைத் தள்ளிவிடும். எவ்வாறாயினும் சங்கக் கடனுக்கு ஈடாக நிற்கும் சொத்தே அழிகின்றது.

பயிர்க்கடன் கொடுக்கும்போது, நாற்று நட்ட மறுமாதமே தவணை கேட்பாருண்டோ? அறுவடைக்குப் பின்னரே கேட்கின்றோம். நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் 1904-இல் கடன் சங்கம் ஏற்பட்ட நாள் தொட்டு நாட்டுப்புறக் கூட்டுறவு அறிந்த நியாயம் இது. பிள்ளையார்பாளையத்து நெசவாளரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு பாவு முடிந்து மறுபாவு பிணைத்து ஓட்டும் வரையில் தறியில் கூலி இல்லை. அதற்காகத் தறியை விற்றுவிடுவாரில்லை. நெசவுக் குடும்பத்தார் ஒரு பசு வைத்துக்கொள்வதே, சேலை அறுத்துக் கொடுத்தாலன்றிக் கூலி வாராத நாட்களில் பால் பணம் கை கொடுக்குமென்றுதான்.

என் யோசனை எளியது. ரூ. 60,000 கடனை மூன்றாண்டுகளில் 36 தவணைகளாக வாங்கினால், மாதம் அசல் ரூ. 1,667 ஆகின்றது. அதனையே ஆண்டிற்குப் பத்துத் தவணை வீதம் 30 தவணைகளாக வைத்தால் ரூ. 2,000 ஆகும். அதிகமாவது மாதத்திற்கு ரூ. 333, நாளொன்றுக்குப் பதினோரு ரூபாய். அரை லிட்டர் பாலின் விலைகூட அன்று. பால் சங்கமே பட்டுவாடாவில் இதனைப் பிடித்துக்கொள்ளலாம். ஆண்டிற்கு வசூலாகும் தொகை ரூ. 20,000 என்பதில் மாற்றமில்லை. ஆகவே கடன் சங்கத்திற்குச் சல்லிக்காசு நஷ்டமில்லை. ஓய்வு மாதங்களின் தீவனத்திற்கோ, கால்நடை வளர்ப்போருக்கும் 2018-19 முதல் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டை இருக்கின்றது. அதனைக் கேட்டு வாங்குவோர் போதாது.

சினையென்று பொய் சொல்லித் தவணையைத் தட்டிக் கழிப்பார்களே என்று சில நிர்வாகிகள் கூறக்கூடும். அந்த அச்சத்திற்கு அதிக இடமில்லை. சினை ஊசி போட்ட தேதி கால்நடை மருந்தகத்துப் பதிவில் உண்டு; இரண்டு மூன்று மாதங்களில் டாக்டர் சினைப் பரிசோதனை செய்து சொல்லிவிடுவார்; பால் வரத்தோ நாள்தோறும் சங்கத்து ஏட்டில் ஏறுகின்றது. இவ்வளவு சாட்சியங்கள் பயிர்க்கடனுக்குக்கூட இல்லை.

எனினும் அங்கத்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. பசு 21 நாட்களுக்கொருமுறை பருவத்திற்கு வரும். அது கத்துவதையும், கண்ணாடி போன்ற திரவம் ஒழுகுவதையும் கவனியாது விட்டவர், ஒவ்வொரு முறைக்கும் மூன்று வாரம் இழக்கின்றார். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடுவித்தல் வேண்டும். கவனக்குறைவால் ஆறு மாதம் மலடாக நின்ற மாட்டிற்கும் தவணை ஒத்திவைக்க வேண்டுமென்று நான் வாதாட மாட்டேன். சலுகை இரண்டு மாதங்களுக்கே. அதுவும் சினைப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினால்தான்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எந்த அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. தவணை அட்டவணையில் ஒரு கலம் கூட்டி, “ஈனும் உத்தேசத் தேதி” என்று தலைப்பிட்டால் போதும்.