யார் வாசித்துக் காட்டுவது?



கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போனவர்களுக்கு ரம்புக்கனையைத் தெரிந்திருக்கும். அதுவரை சமதரையில் ஓடிவரும் பாதை, அங்கிருந்து கடுகண்ணாவை வரை ஒரே ஏற்றம். நீராவி எஞ்சின் காலத்தில் ரம்புக்கனையில் வண்டிக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கொழுவுவார்கள். முன்னால் நிற்பது இழுக்க, பின்னால் நிற்பது தள்ள, வண்டி மலையேறும். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பின் எஞ்சின்தான்.

எழுத்துக்கூட்டப் பழகும்வரை பிள்ளைகள் ஓடியே வந்துவிடுகிறார்கள். கடைப் பலகை, பஸ் பலகை, பிஸ்கட் பக்கற்று என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசிக்கிற வயது அது. மூன்றாம் நான்காம் ஆண்டுக்குப் பிறகு, படம் குறைந்து எழுத்து கூடிய புத்தகம் கைக்கு வரும்போதுதான் ஏற்றம் தொடங்குகிறது. தள்ளிவிட ஆள் வேண்டிய அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து டியூஷனுக்கு அனுப்புகிறோம். பரீட்சை முடிந்ததும், "இந்தப் பிள்ளை ஒரு புத்தகத்தையும் தொடுவதில்லை" என்று முறைப்பாடு செய்கிறோம்.

ரம்புக்கனை, மாவனல்லை, கேகாலைப் பக்கத்துப் பெற்றோரோடு பேசினால் இந்த முறைப்பாடு கட்டாயம் வரும். குற்றவாளியையும் அவர்களே பிடித்து வைத்திருப்பார்கள்: போன்! நான் அந்தக் கட்சியில் இல்லை. 2020 இல் பாடசாலைகளைப் பூட்டி, பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியபோது, கடன்பட்டாவது பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தான். அதற்கு முன்பு மட்டும் தோட்டத்து லயக் காம்பராவில் புத்தக அலுமாரி இருந்ததா? 1980 முதல் அரசாங்கம் இலவசமாகத் தந்துவரும் பாடப் புத்தகங்கள் இல்லாவிட்டால், அச்சடித்த தாள் என்று நாட்காட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத வீடுகள் எத்தனையோ. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த நாடு இது. அப்போது ஏறிய கொப்பி விலை பழைய நிலைக்கு இறங்கவே இல்லை. இறப்பர்ப் பால் வெட்டிக் குடும்பம் நடத்தும் ஒருவரிடம் போய், பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையகம் என்றதும் எல்லோர் கண்ணிலும் படுவது நுவரெலியாவின் தேயிலைச் சரிவுதான். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் கதை வேறு. இங்கே இறப்பர்க் காடுகள் அதிகம். தோட்டங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தூரமானவை, சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். தமிழ்ப் பாடசாலை குறைவு. இருப்பதும் பல இடங்களில் எட்டாத் தூரத்தில் இருக்கும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பக்கங்களிலும் இதே நிலைதான். ஆகவே பக்கத்துச் சிங்களப் பாடசாலைக்கே பிள்ளையை அனுப்பிவிடும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அம்மாவுக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. ஒரே காம்பராவுக்குள் இருவரும் ஒரே புத்தகத்தை வாசிக்க முடியாது.

இந்தப் பெற்றோரைக் குறைசொல்லி மேடையில் கைதட்டு வாங்குவது சுலபம். நான் சொல்வது வேறு. சிங்களத்தில் படிக்கும் பிள்ளை சிங்களத்திலேயே நிறைய வாசிக்கட்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' 1947 இல் வந்த நாவல். ஊரை உதறிவிட்டுத் தீவொன்றுக்கு ஓடிப்போகும் உபாலியையும் ஜின்னாவையும் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? பாடசாலை நூலகத்தில் அந்தப் புத்தகம் நிச்சயம் இருக்கும். வாசித்துவிட்டு வந்து இரவில் அம்மாவுக்குத் தமிழில் கதையைச் சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். இதில் அம்மாவுக்கு ஒரு புதுக் கதை கிடைக்கிறது, பிள்ளைக்குத் தன் தமிழில் ஒரு நீண்ட கதையை இழுத்துச் செல்லும் பழக்கம் வருகிறது. தமிழ் எழுத்தை அதன் பிறகு சொல்லிக் கொடுத்தால் சில மாதங்களில் பிடித்துக்கொள்ளும். வாசிக்கும் ருசி ஒரு மொழியில் ஏறிவிட்டால் மற்ற மொழிக்கும் அது தானாக வரும்.

இப்படி ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது தோட்டத்துக்குப் புதிதும் அல்ல. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் லயத்துக்கு ஒருவர் இருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். மாலையில் வேலை முடிந்து வந்தபின், 'பெரிய எழுத்து' என்று போட்டு இந்தியாவில் அச்சாகி வந்த விக்கிரமாதித்தன் கதையையோ அல்லி அரசாணி மாலையையோ அவர் குப்பி விளக்கில் ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். பத்திரிகை வந்தாலும் அப்படித்தான். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையும் இதை நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்காகப் பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டார்கள். மீனாட்சி அம்மை கூட்டங்களில் தானே பாடினார். அந்தப் பாட்டு காதில் விழுந்த பிறகு, அச்சில் இருப்பதைத் தானும் வாசிக்க வேண்டும் என்று ஒருவருக்காவது ஆசை வந்திருக்காதா?

கடல் கடந்தும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1865 இல் கியூபாவின் ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் உயரமான இடத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் வாசித்துக்காட்டும் வழக்கம் தொடங்கியது. அவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர்கள் அதைத் தடைசெய்தார்கள். கேட்டுக்கொண்டே வேலை செய்கிறவன் ஒருநாள் கேள்வியும் கேட்பான் என்ற பயம் அவர்களுக்கு! தடை நிலைக்கவில்லை, வாசிப்பு நிலைத்தது. தொழிலாளர் திரும்பத் திரும்ப விரும்பிக் கேட்ட அலெக்சாண்டர் டூமாவின் நாவலின் பெயரைத்தான் 'மொன்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டு இன்றும் சுமக்கிறது.

நம் தோட்டங்களிலும் வாசித்துக்காட்ட ஆள் இருந்த இடத்தில் எழுதவும் ஆட்கள் வந்தார்கள். 1960களில் 'வீரகேசரி' பத்திரிகை மலைநாட்டு எழுத்தாளர்களுக்காகச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971 இல் 'கதைக்கனிகள்' என்று புத்தகமாயின. அந்தப் போட்டிகளின் வழியாக வெளிச்சத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தெளிவத்தை ஜோசப். பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் 1934 இல் பிறந்தவர், தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகன். 2013 இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த நாட்டார் பாடல்கள் எல்லாம் நம் வீட்டுச் சொத்து. லயமும் பெரட்டும் கங்காணியும் வரும் ஒரு கதையைப் படித்துவிட்டு, "இதையெல்லாமா புத்தகத்தில் எழுதுவார்கள்?" என்று ஒரு பிள்ளை ஆச்சரியப்படுவதற்கு ஈடாக எந்தப் பரிசளிப்பு விழாவையும் நான் சொல்ல மாட்டேன்.

பரிசளிப்பு என்றதும் ஒக்டோபர் ஞாபகம் வருகிறது. நாடு முழுவதும் அது தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பதாகை கட்டுவார்கள், 'வாசிப்பின் முக்கியத்துவம்' என்று கட்டுரைப் போட்டி வைப்பார்கள். கட்டுரைக் கோவையில் இருக்கும் அதே கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதிய பிள்ளைக்கு முதற்பரிசு. அந்த மாதத்தில் அது வாசித்தது அந்த ஒரு கட்டுரையைத்தான்! ஆசிரியர்கள் என்னோடு கோபிக்க வேண்டாம். போட்டியை விட்டுவிட்டு, அந்தப் பாடவேளையில் ஒரு நல்ல கதையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்காட்டி, சுவையான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். மிச்சத்தை யார் வாசிப்பது என்று வகுப்பில் சண்டை வரும்.

எதை வாசிப்பது என்பதிலும் நாம் பொலிஸ் வேலை பார்க்கக் கூடாது. பிள்ளை சித்திரக் கதையை எடுத்தால் பிடுங்கிவிட்டு நீதிக்கதையைத் திணிக்கிறோம். 1972 இல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'யோடு வாசிப்பைத் தொடங்கி, பின்பு பெரிய பெரிய நாவல்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அம்புலிமாமாவில் வேதாளம் முருங்கை மரம் ஏறுவதைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை தமிழ் வாசிக்கப் பழகியது. தமிழ்நாட்டில் பாடசாலைக் கல்வித் திணைக்களம் 2023 இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், சின்னச் சின்னப் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரே மூச்சில் முடித்துவிடக் கூடிய புத்தகங்கள் அவை. முடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அடுத்ததை எடுக்க வைக்கும். நம் மாகாணக் கல்வித் திணைக்களமும் இதைக் கவனித்துப் பார்க்கலாம்.

புத்தகம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பொது நூலகம் இருக்கிறது, ஆனால் அது நகரத்தில் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் ஒரு மூலையில் இருக்கிறது. உறுப்பினராகப் பிணையாளி வேண்டும் என்பார்கள். லயத்தில் குடியிருப்பவர் வரி கட்டும் பிணையாளிக்கு எங்கே போவார்? இதற்குப் பின்னால் ஒரு பழைய அநியாயமும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. வாக்குக் கேட்டு வரலாம், வீதி போட முடியாது, வாசிகசாலை கட்ட முடியாது. 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆகவே இனிமேல் பிரதேச சபை உறுப்பினர் உங்கள் தோட்டத்துப் பக்கம் வந்தால், "சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு வாசிகசாலை, அல்லது மாதம் இருமுறை வந்துபோகும் ஒரு நடமாடும் நூலகம், அதுவும் தமிழ்ப் புத்தகங்களோடு வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 1931 இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். நூலக அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனே வந்து அதைத் தொடங்கி வைத்தார். மாட்டு வண்டியால் முடிந்தது சபையின் வாகனத்தால் முடியாதா?

சபை வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவின் ஒரு சுவரில், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடித்தால் நூலகம் ஆயிற்று. கோயில் மண்டபத்திலும் செய்யலாம். பூட்டுப் போடாதீர்கள். புத்தகம் தொலையும், கிழியும். தொலையட்டும், கிழியட்டும். புத்தம் புதிதாகக் கண்ணாடிக்குள் கிடக்கும் புத்தகத்தைவிட அது மேல். சலூன்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடியில் ஒருவர் தன் சலூனில் நூற்றுக்கணக்கான புத்தகங்களை அடுக்கி, காத்திருக்கும் நேரத்தில் வாசிப்பவர்களுக்குக் கூலியில் கழிவும் கொடுக்கிறார். நம் எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்துச் சலூனிலிருந்து வந்தவர்தானே. அதிகம் பள்ளிக்கூடம் போகாத அவர் 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்று, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்திக் காட்டினார். ரம்புக்கனைச் சந்தியிலும் ஒரு சலூன் அப்படி மாறட்டும்.

கையில் இருக்கிற போனையும் வீணாக்க வேண்டாம். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கடைகளில் இப்போது கிடைக்காத பழைய மலையகப் புத்தகங்கள் பலவும் அங்கே உண்டு. டேட்டா கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சின்னத் திரையில் நூறு பக்கம் சரிவராது. அதைப் பெரியவர்கள் திறந்து, பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டுங்கள். மழை பிடித்தால் இறப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது, அன்றைய சம்பளமும் போய்விடும். கேகாலைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு வருடத்தில் அப்படி எத்தனை நாள் வரும் என்பதும் தெரியும். அந்த நஷ்டத்தை யாராலும் ஈடுசெய்ய முடியாது. அன்று ஒரு கால் மணி நேரம் மட்டும் பிள்ளைக்குக் கொடுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறினால் திருத்த அவசரப்படாதீர்கள். கதையில் அடுத்து என்ன வரும் என்று மட்டும் கேளுங்கள்.

இந்த ஒக்டோபரில் எங்கள் பக்கத்திலும் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் பிள்ளை திரும்பவும் வேண்டும் என்று கேட்ட புத்தகம் எது என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் சொன்னதோ நீங்கள் தேர்ந்ததோ வேண்டாம், பிள்ளை கேட்டதாக இருக்க வேண்டும். சிங்களப் புத்தகமானாலும், சித்திரக் கதையானாலும் எழுதலாம். வரும் பெயர்களைப் பட்டியலாக்கி அடுத்த இதழில் போடுகிறோம். பிள்ளைக் காம்பராவில் பலகை அடிக்கப் போகிறவர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகம் சேர்க்கத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்