பெட்டி நம்மது, சாவி யார்கிட்ட?

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வழக்கமான சாக்குதான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு கூத்து நடந்துச்சு. அதுல இருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்க விஷயத்த இங்க இறக்கி வச்சிடறேன். (நம்ம ஊரு டி. கல்லுப்பட்டி. மதுரைல இருந்து திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போற ரோட்டுல வரும்.) நடுவுல கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம் வரும். புரியலைன்னா தாண்டிப் போயிருங்க, கடைசியில சொல்றது எல்லாருக்கும்தான்.

வீட்டுல ஒரு நாஸ் பெட்டி இருக்கு. தெரியாதவங்களுக்காக: ரெண்டு ஹார்ட் டிஸ்க்க உள்ள போட்டு, ரௌட்டரோட ஒரு வயர்ல இணைச்சு மூலையில வச்சிட்டா, வீட்டுல இருக்க கம்ப்யூட்டர், போன் எல்லாம் அதுல இருந்து ஃபைல் எடுத்துக்கலாம், போட்டு வைக்கலாம். வேலைக்குச் சேந்த புதுசுல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கி வீட்டுல வச்சது. அக்கா கல்யாண வீடியோ, தாத்தா இருக்கிற ஒரே ஒரு போட்டோவோட ஸ்கேன், பட்டா, பத்திரம் ஸ்கேன் எல்லாம் அதுலதான். கல்யாண டிவிடி எப்பவோ பூஞ்சை பிடிச்சு போச்சு. ஸ்டுடியோக்காரரும் கடைய மூடிட்டார். ஆக, அக்கா கல்யாணம் உலகத்துல மிச்சமிருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அப்பா, "ஏன்யா, புது லேப்டாப்புல அந்தப் பெட்டி வரவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"ன்னார்.

பெட்டி கெடலை. விளக்கு எரியுது, டிஸ்க் சுத்துது. பிரச்சினை வேற. விண்டோஸோட பேச இந்தப் பெட்டிக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை எஸ்எம்பி 1. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகம் பூரா ஆஸ்பத்திரி, ஆபீஸ்னு புகுந்து ஆடுச்சே, அது பரவினது மைக்ரோசாஃப்டோட எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். அந்த வருஷ அக்டோபர் பதிப்புல இருந்து, புதுசா நிறுவுற விண்டோஸ் 10-ல எஸ்எம்பி 1 சர்வர் தானா வராது. ஹோம் பதிப்புல கிளையன்ட் இருந்தாலும், 15 நாள் யாரும் தொடலைன்னா அதுவே கழண்டுக்கும். மைக்ரோசாஃப்ட் செஞ்சது நியாயம்தான். பெட்டிக்காரன் ஒரு அப்டேட் விட்டிருந்தா கதை முடிஞ்சிருக்கும். அவன் பல வருஷம் முன்னாடியே அந்த மாடல கைகழுவிட்டான்.

ஆக எனக்கு மூணு வழி. விண்டோஸ்ல எஸ்எம்பி 1-ஐத் திரும்ப முடுக்கி விடறது: பூட்டு துருப்பிடிச்சிருச்சுன்னு கதவையே கழட்டி வைக்கிற மாதிரி. புதுப் பெட்டி வாங்குறது: நல்லா ஓடுற இயந்திரத்தக் குப்பையில போடணும். மூணாவது, பெட்டிக்குள்ள இருக்க ஓ.எஸ்ஸத் தூக்கிட்டு டெபியன் லினக்ஸ் போடறது. நம்ம கை சும்மா இருக்குமா? :-)

ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்துட்டேன். அப்பத்தான் அப்பா ரெண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: "இதுல இருக்கிறதுக்கு இன்னொரு காப்பி எங்கய்யா இருக்கு?"

நான், "ரெண்டு டிஸ்க் இருக்குல்லப்பா, ஒண்ணு போனா இன்னொண்ணு"ன்னேன். சொல்லும்போதே நாக்கு குழறுது. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள, ஒரே கரண்டுல, ஒரே மென்பொருள் கையில. ரெய்டு 1 காப்பாத்துறது டிஸ்க் சாவுல இருந்து மட்டும்தான். கை தவறி அழிச்சா ரெண்டுலயும் ஒரே நேரத்துல அழியும். ஆபீஸ்ல எல்லாருக்கும் பேக்கப் பத்தி வகுப்பு எடுக்கிறவன், சொந்த வீட்டுல ஒரு காப்பி இல்லாம வச்சிருந்திருக்கேன். வெக்கமாப் போச்சு.

ஸ்க்ரூ டிரைவர கீழ வச்சிட்டு மதுரை போய் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். பெட்டியில இருந்து ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி, லினக்ஸ் போட்ட என் லேப்டாப்புல சொருகி, ராத்திரி பூரா காப்பி ஓடுச்சு. நல்லவேளை, உள்ள இருந்தது சாதாரண லினக்ஸ் ரெய்டும் எக்ஸ்ட்4-ம்தான், நேரா படிச்சிருச்சு. எல்லாப் பெட்டியும் இப்படி இல்ல. வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ்ல எக்ஸ்ட்4-ஏ 64 கே.பி. பிளாக் அளவுல இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் லினக்ஸோ ரொம்ப காலத்துக்கு 4 கே.பி. வரைக்கும்தான் ஏத்துக்கிச்சு. டிஸ்க்கக் கழட்டிச் சொருகினவங்க, மவுண்ட் ஆகாம தனி மென்பொருள் தேடி அலைஞ்சாங்க.

மறுநாள் டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியத் திறந்தேன். போர்டுல நாலு பின் நீட்டிக்கிட்டிருக்கும், அதான் சீரியல் போர்ட். யுஎஸ்பி-டிடிஎல் வயர் ஒண்ணு (3.3 வோல்ட் வகை, பழைய ஆர்எஸ் 232-ஐ நேரா கொடுத்தா போர்டு புகையும்). கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூணு மட்டும் போதும், பவர் பின்ன தொடாதீங்க. வேகம் 115200. பெட்டிய ஆன் பண்ணி ஒரு கீயத் தட்டினா யு-பூட் நின்னு "என்ன வேணும்?"னு கேக்கும். அந்த ஒரு நொடிதான் பெட்டி உண்மையிலேயே நம்மதாகுற நொடி.

கெர்னல எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போச்சு. பொங்கலுக்கு மறுநாள், பட்டப்பகல்ல. யுபிஎஸ் இருக்கா? இருக்கு, டிவிக்கு. அம்மா எட்டிப் பாத்து, "என்னய்யா, ஆபரேசன் பாதியில நின்னுருச்சா?"ன்னாங்க. கரண்ட் வந்ததும் பெட்டி செத்த மாதிரி கிடந்துச்சு. ஆனா பாதியில நின்னது கெர்னல் பகுதிதான், யு-பூட் தப்பிச்சிருச்சு. சீரியல் வயர் வழியா அதை எழுப்பி, லேப்டாப்புல இருந்து டிஎஃப்டிபி மூலமா கெர்னல அனுப்பி, சாயங்காலம் டெபியன் எந்திரிச்சது. சாம்பா போட்டேன். அப்பா லேப்டாப்புல பெட்டி வந்துச்சு. அக்கா கல்யாணம் ஓடுச்சு. அம்மா பந்தி வரைக்கும் பாத்துட்டுத்தான் எந்திரிச்சாங்க.

முதல் நாளே டிஸ்க்க உள்ள வச்சுக்கிட்டு, காப்பி இல்லாம ஆரம்பிச்சிருந்தா? டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். அந்த "லாம்"ம நம்பி ஒரு கல்யாணத்தப் பணயம் வச்சிருப்பேன்.

சரி, மேட்டருக்கு வர்றேன். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்ல.

2021 ஜூன் கடைசியில, உலகம் பூரா மை புக் லைவ் வச்சிருந்தவங்க காலையில எந்திரிச்சுப் பாத்தா டிஸ்க் காலி. யாரோ இண்டர்நெட் வழியா ஃபேக்டரி ரீசெட் கொடுத்துட்டாங்க. அந்தப் பெட்டிக்கு கடைசி ஃபர்ம்வேர் வந்தது 2015-ல. ரீசெட் பண்ண பாஸ்வேர்ட் கேக்கணும்ல? கேக்குற வரிகள கமெண்ட் போட்டு வச்சிருந்தாங்க. 2011-ல கோட ஒழுங்குபடுத்தும்போது நடந்த தப்புன்னு கம்பெனியே பின்னாடி சொல்லுச்சு, தரவு மீட்டுத்தர ஏற்பாடும் செஞ்சது. கோட் எழுதுற நமக்கெல்லாம் வயித்தக் கலக்குற செய்தி. நாமளும் எத்தனை வரிய "அப்புறம் பாத்துக்கலாம்"னு கமெண்ட் போட்டிருக்கோம்!

2024 ஏப்ரல்ல டி-லிங்க்கோட டிஎன்எஸ்-320எல், 325, 327எல், 340எல் பெட்டிகள்ல பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு. கம்பெனி பதில்: ஆயுள் முடிஞ்ச மாடல், அப்டேட் கிடையாது, மாத்திக்குங்க. அவங்க கணக்குல அது சரிதான். 10 வருஷம் முன்னாடி வித்த பெட்டிக்கு எத்தனை நாள் சம்பளம் போட்டு ஆள் வைக்க முடியும்? அதை நான் குறை சொல்லலை. நான் கேக்குறது வேற: நீ வெளிய போகும்போது சாவிய ஏன் கையோட எடுத்துட்டுப் போற?

இதுல இன்னொரு வேடிக்கை. இந்த மாதிரிப் பெட்டிக்குள்ள ஓடுறது பெரும்பாலும் லினக்ஸ்தான், ஊர் கூடி எழுதிக் கொடுத்தது. வாங்கினவன் கேட்டா மூலநிரல கொடுக்கணும்ங்கிறது ஜிபிஎல் நிபந்தனை. 2006-ல ஜெர்மனியில, டி-லிங்க் விற்ற ஒரு நாஸ் பெட்டி (டிஎஸ்எம்-ஜி600) விஷயமா ஹரால்ட் வெல்ட்டெ வழக்குப் போட்டு, பிராங்ஃபர்ட் கோர்ட்ல ஜெயிச்சார். ஜிபிஎல் செல்லும்னு தீர்ப்பு. அதுக்கு முன்னாடி 2003-ல லிங்க்சிஸ் தன் ரௌட்டர் கோட வெளியிட வேண்டி வந்துச்சு. அதுல இருந்து கிளம்பினதுதான் ஓபன்டபிள்யுஆர்டி. இன்னைக்கு அதே ஓபன்டபிள்யுஆர்டிய மை புக் லைவ்லயும் போடலாம். கம்பெனி கைவிட்ட பெட்டிய ஊர்க்காரங்க தத்தெடுத்துக்கிட்ட கதை.

2004-ல வந்த லிங்க்சிஸ் என்எஸ்எல்யு2 ஞாபகம் இருக்கா? 32 எம்பி ராம், 8 எம்பி ஃபிளாஷ். 266 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடிய ப்ராசசர 133-ல அமுக்கி வித்தாங்க. ஆளுங்க ஒரு ரெசிஸ்டர உருவிட்டு முழு வேகத்துல ஓட்டினாங்க. 2007-ல வந்த டெபியன் 4.0, நிறுவியோட சேத்தே அந்தப் பெட்டிக்கு ஆதரவு கொடுத்துச்சு. கம்பெனி அந்த மாடல நிறுத்தின பின்னாடியும் பல வருஷம் ஓடுச்சு.

எங்க ஊர்க்காரனுக்கு இதைப் பேசும்போது ஒரு பேரு வராம இருக்காது. ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்துல எங்க ஊரு காந்தி நிகேதன் ஆசிரமத்துலதான் இருந்தார். காலமானது 1960 ஜனவரி 30, காந்தி செத்த அதே தேதி. 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்'னு புஸ்தகம் எழுதினவர். சின்ன வயசுல அந்தப் பேரு எங்களுக்கு ஆண்டு விழா பேச்சுப் போட்டித் தலைப்பு, அவ்வளவுதான். பலன் தர்ற மூலத்தையே அழிச்சு வாழ்றத ஒட்டுண்ணிப் பொருளாதாரம்னு பிரிச்சார். நல்லா ஓடுற பெட்டிய மென்பொருளால சாகடிச்சு அடுத்தது வாங்க வைக்கிறத அவர் எதுல சேத்திருப்பார்னு நீங்களே சொல்லுங்க.

நம்ம நாட்டுலயும் 2022 டிசம்பர்ல நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' தளம் தொடங்குச்சு. நல்ல விஷயம். ஆனா பேச்சு அதிகமா உதிரிபாகம், சர்வீஸ் சென்டர்னே போகுது. என் பெட்டியில ஒரு பாகமும் கெடலை. கெட்டது மென்பொருள் மட்டும். எத்தனை வருஷம் அப்டேட் வரும்னு அட்டைப்பெட்டி மேல போடணும். நிறுத்துற அன்னைக்கு பூட்லோடர் பூட்டையும் திறந்து விடணும். என் கோரிக்கை இந்த ரெண்டுதான்.

"எல்லாரும் வயரும் ஸ்க்ரூ டிரைவருமா உக்கார முடியுமா?"ன்னு கேப்பீங்க. முடியாது. ஆனா தெருவுக்கு ஒருத்தர் உக்காந்தாப் போதும், பூட்டு திறந்திருந்தா. டிவி மெக்கானிக் எல்லாரும் டிவி கம்பெனியில வேலை பாத்தவங்களா என்ன?

"டெபியன் மட்டும் கடைசி வரைக்கும் வருமா?"ன்னும் கேப்பீங்க. வராது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல பழைய ஆர்மெல் வகைக்கு நிறுவி இல்ல. அந்த வகை நாஸ் பெட்டிக்கு டெபியன் 12-தான் கடைசி நிறுத்தம். ஆனா ஒரு வித்தியாசம். அவங்க போகும்போது மூலநிரல் வெளியதான் இருக்கு, டிஸ்க் எந்த லினக்ஸ்லயும் படிக்கும். வண்டி நின்னாலும் நாம நடந்து வீடு சேந்துடலாம்.

இப்ப அப்பாவோட ரெண்டாவது கேள்வி. எல்லாம் ஓடி முடிச்சு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கும்போது கேட்டார்: "நீ ஊருக்குப் போனப்புறம் இது நின்னுச்சுன்னா நான் யார்கிட்டய்யா கேக்குறது?"

பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தா, கம்பெனிகிட்ட இருந்த சாவிய வாங்கி நான் என் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். அப்பா கைக்கு அது வரவே இல்ல. நான் வேலை மாறலாம், வெளிநாடு போலாம், வண்டியில இருந்து விழலாம். அன்னைக்கு அந்தப் பெட்டி அவருக்கு வெறும் கறுப்பு டப்பா.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி, தமிழ்ல எழுதி வச்சேன். பெட்டியில என்ன ஓடுது, பாஸ்வேர்ட் என்ன, நின்னா எந்த வயரக் கழட்டி மாட்டணும். அதுலயும் சரியாகலைன்னா டிஸ்க்கக் கழட்டி லினக்ஸ் தெரிஞ்ச எந்தப் பையன்கிட்டயும் கொடுக்கலாம், எல்லாம் படிக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் அக்கா வீட்டுல, பத்திரத்தோட பீரோவுல. ஆறு மாசத்துக்கு ஒருதரம் புதுசா காப்பி. அப்பாவையே ஒருதரம் நோட்டப் பாத்து எல்லாத்தையும் செய்யச் சொன்னேன். மூணு இடத்துல என் தமிழ் அவருக்குப் புரியலை, திருத்தி எழுதினேன்.

ஓ.எஸ் மாத்தினதுக்கு ஒரு நாள் ஆச்சு. அந்த நோட்டுக்கு ரெண்டு நாள் ஆச்சு. வீட்டுப் பெட்டிய மாத்தியாச்சுன்னு நண்பர்கள் சொல்லும்போது இனிமே நான் எந்த டிஸ்ட்ரோன்னு கேக்கப் போறதில்ல. நோட்டு எழுதிட்டியான்னுதான் கேப்பேன்.

பி.கு: யுபிஎஸ்ஸ டிவியில இருந்து பெட்டிக்கு மாத்தச் சொன்னேன். அம்மா, "சீரியல் ஓடும்போது கரண்ட் போனா?"ன்னாங்க. பேச்சுவார்த்தை நடக்குது :-)