அரையும் அரையும் சேர்ந்தால் அரையா?

பரீட்சைத் தாள் திருத்தி வீட்டுக்கு வருகிற சமயத்தில் எனக்கு வரும் கடிதங்களின் தினுசே மாறிவிடும். சளி, இருமல், பொடுகு, மாவு புளிக்கவில்லை என்பதெல்லாம் பின்னால் போய்விடும். கணக்கு முன்னால் வந்து நிற்கும். இந்த முறை ஒரு சகோதரி, ஐந்தாவது படிக்கும் தன் மகளின் விடைத்தாளிலிருந்து ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். 2/8 + 3/8 = 5/16. அதன் மேல் சிவப்பு மையில் தப்பு என்று ஒரு கோடு. "கூட்டத்தானே சொன்னாங்க, மேலயும் கூட்டினேன், கீழயும் கூட்டினேன், ஏம்மா தப்பு?" என்று கேட்டு அழுகிறாளாம் பெண். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "அம்மாவுக்கு வராத கணக்கு பெண்ணுக்கு எப்படி வரும்?" என்று சிரித்தாராம். அன்று முதல் அவள் கணக்கு நோட்டைத் தொடுவதில்லை.

அந்தச் சிரிப்புதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தப்பான விடையை ஒரு வாரத்தில் திருத்திவிடலாம். "எனக்குக் கணக்கு வராது" என்று பத்து வயதில் ஒரு பெண் முடிவு செய்துவிட்டால், அதை மாற்ற வருஷக்கணக்காகும். தயவுசெய்து குழந்தையின் காதில் விழும்படி இந்தப் பேச்சை யாரும் பேசாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. அவள் கண் முன்னால் தினமும் நடப்பதைத்தான் செய்திருக்கிறாள். எப்படி என்கிறீர்களா? திங்கட்கிழமை டெஸ்டில் 10-க்கு 7, புதன்கிழமை டெஸ்டில் 10-க்கு 8. டீச்சர் இரண்டையும் கூட்டி 20-க்கு 15 என்று போடுகிறார். 7/10, 8/10, 15/20 என்று பார்ப்பதற்குப் பின்னம் மாதிரியேதான் இருக்கிறது. அங்கே கீழே கூட்டினால் சரி, இங்கே கூட்டினால் தப்பா? குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்!

இதற்கு விடை சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மார்க்கில், முதல் டெஸ்ட் ஒரு முழுசு, இரண்டாவது டெஸ்ட் இன்னொரு முழுசு. இரண்டையும் ஒட்டவைத்து 20 மார்க் கொண்ட புதிய முழுசு ஒன்றை உண்டாக்குகிறார்கள். பின்னத்தைக் கூட்டும்போது முழுசு மாறுவதில்லை. ஒரே தோசையை வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். தோசையை எட்டாக வெட்டி, அண்ணன் இரண்டு துண்டும் தங்கை மூன்று துண்டும் தின்றால், தீர்ந்தது ஐந்து துண்டு. அதற்காகத் தட்டில் இருந்த தோசை பதினாறு துண்டாகிவிடுமா?

சில புத்தகங்களில் படம் போட்டு விளக்குகிறேன் என்று இரண்டு வட்டம் போடுவார்கள். ஒன்றில் இரண்டு பங்குக்கு வண்ணம், மற்றதில் மூன்று பங்குக்கு வண்ணம், நடுவே ஒரு கூட்டல் குறி. குழந்தை மொத்தமாக எண்ணுகிறது: கட்டம் பதினாறு, வண்ணம் அடித்தது ஐந்து. பார்த்ததை எழுதுகிறது. என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் ஒரே ஒரு படம் போதும். அதிலேயே இரண்டு வண்ணம் அடிக்கட்டும். வட்டமும் வேண்டாம். வட்டத்தைச் சமமாகப் பிரிக்கப் பெரியவர்களுக்கே கை நடுங்குகிறது. பழைய நோட்டிலிருந்து நீளமாக ஒரு காகிதத் துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மடித்தால் இரண்டு, மறு முறை மடித்தால் நாலு, இன்னொரு முறை மடித்தால் எட்டு. பிரித்துப் பார்த்தால் எட்டும் சமம். நீலப் பென்சிலால் இரண்டு கட்டம், சிவப்புப் பென்சிலால் மூன்று கட்டம். வண்ணம் அடித்தது எத்தனை? ஐந்து. காகிதத்தில் மொத்தம் எத்தனை கட்டம்? இன்னும் எட்டுதான். எழுது: 5/8. மடிப்பதையும் வண்ணம் அடிப்பதையும் குழந்தையே செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஆறு பங்கு, பன்னிரண்டு பங்கு வேண்டுமென்றால் கட்டம் போட்ட கணக்கு நோட்டே இருக்கிறது.

பின்னத்தை வாயால் சொல்லும் விதத்திலும் சங்கதி இருக்கிறது. "டூ பை எய்ட் ப்ளஸ் த்ரீ பை எய்ட்" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே ஜாதி எண்ணாகக் காதில் விழுகிறது. வீட்டிலாவது தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் அரைக்கால் என்று பேரே இருக்கிறது, காலில் பாதி. இரண்டு அரைக்காலும் மூன்று அரைக்காலும் எத்தனை? ஐந்து அரைக்கால். இதில் தடுமாறுகிற பிள்ளை கிடையாது. இரண்டு மாம்பழமும் மூன்று மாம்பழமும் சேர்ந்தால் ஐந்து மாம்பழம் என்பது மாதிரிதான். கீழே இருக்கிற எண்ணைப் பகுதி என்கிறார்கள். அது துண்டின் பேர். மேலே இருக்கிற தொகுதிதான் எண்ணிக்கை. பேரைக் கூட்டுவதில்லை, எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறோம்.

ஆழாக்கு வைத்து அரிசி அளக்கிற வீடுகளில் இது இன்னும் சுலபம். 8 ஆழாக்கு ஒரு படி. ஆப்பத்துக்கு 3 ஆழாக்கு பச்சரிசி, 2 ஆழாக்கு புழுங்கலரிசி போட்டால் மொத்தம் 5 ஆழாக்கு, அதாவது படியில் 5/8. 2 ஆழாக்கு ஓர் உழக்கு என்பதால் 2/8-ம் 1/4-ம் ஒன்றுதான் என்பதும் கூடவே வந்துவிடும். ஆழாக்கு இல்லாதவர்கள் பரண்மேல் தேட வேண்டாம், குக்கரோடு வந்த கப் போதும். எட்டு கப் கொள்ளும் ஒரு டப்பாவைப் "படி" என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொல்லியும் பிடிவாதமாகக் கீழேயும் கூட்டுகிற பிள்ளையை அதட்டாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அரை லட்டு அண்ணா குடுத்தான், அரை லட்டு நான் குடுத்தேன், உன்கிட்ட எவ்வளவு இருக்கு?" ஒரு லட்டு என்பாள். "உன் முறைப்படி போட்டுக் காட்டு பார்ப்போம்." 1/2 + 1/2 = 2/4 என்று வரும். நாலில் இரண்டு பாதிதானே? அரையும் அரையும் சேர்ந்து அரையாகவே இருந்துவிட்டதே, மீதி அரை லட்டு எங்கே போச்சு? இதற்கு அவளே சிரித்துவிடுவாள். தன் விடையைத் தானே சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பது, நாம் நூறு தரம் திருத்துவதைவிட மேல்.

கழித்தலிலும் இதே கதைதான். 7/8 - 3/8-க்கு 4/0 என்று எழுதிய நோட்டை நானே பார்த்திருக்கிறேன். ஏழு துண்டில் மூன்றை எடுத்தால் மீதி நாலு துண்டு. அதன் பேர் மாறவில்லை, ஆகையால் 4/8. முழுசிலிருந்து கழிக்கும்போதுதான் பிள்ளைகள் விழிப்பார்கள். 1 - 3/8 என்றால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் என்ன உறவு என்று தெரியாது. வெட்டாத தோசையிலிருந்து மூன்று துண்டு கேட்டால் நாம் என்ன செய்வோம்? முதலில் வெட்டுவோம். 1 என்பதை 8/8 என்று எழுதச் சொல்லுங்கள்; விடை 5/8 தானாக வரும்.

கலப்புப் பின்னத்துக்கு நான் தோசையை விட்டுவிட்டு நகைக்குப் போய்விடுவேன். பவுன் கணக்கு நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! ஒரு பவுன் 8 கிராம், ஆகையால் ஒரு கிராம் என்பது 1/8 பவுன். மோதிரம் 3 கிராம், கம்மல் 6 கிராம் என்றால், 3/8 + 6/8 = 9/8. மேலே உள்ளது கீழே உள்ளதைவிடப் பெரிதாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். எட்டு கிராம் சேர்ந்து ஒரு பவுனாகிவிட்டது, மிச்சம் ஒரு கிராம். 1 1/8 பவுன்.

இப்போது 3 1/8 - 5/8 போடச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து போகாது. பிள்ளை "கடன்" வாங்கும். எவ்வளவு வாங்குகிறது என்று கவனியுங்கள். பழக்க தோஷத்தில் பத்து வாங்கி 11/8 என்று எழுதினால், விடை 2 6/8 என்று தப்பாகிவிடும். மூன்று பவுனில் ஒன்றை உருக்கினால் பத்து கிராமா கிடைக்கும்? எட்டுதான். எட்டும் ஒன்றும் ஒன்பது, அதில் ஐந்து போனால் நாலு. 2 4/8, அதாவது இரண்டரைப் பவுன். சந்தேகமிருந்தால் எல்லாவற்றையும் கிராமாக்கிச் சரிபார்க்கலாம்: 25 கிராமில் 5 போனால் 20. 4/8-ஐ 1/2 ஆகச் சுருக்குவதற்கு அவசரப்படுத்தாதீர்கள். முதல் சில நாள் 4/8 என்றே இருக்கட்டும். கூட்டல் ஒரு வேலை, சுருக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் இரண்டும் கெடும்.

நம் முன்னோருக்கு இந்தப் பின்னமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. திண்ணைப் பள்ளியில் கீழ்வாயிலக்கம் என்று முந்திரி, காணி, மா, கால் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. மாகாணி என்ற பேரிலேயே ஒரு கூட்டல் ஒளிந்திருக்கிறது. ஒரு மா என்பது நாலு காணி; அதோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, 5/80, அதாவது 1/16. அதற்கே வீசம் என்றும் பேர். 1957-க்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா இருந்ததே, அந்த ஒரு அணா ரூபாயில் ஒரு வீசம். "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்று பாட்டிமார் சொல்வார்களே, அதைக் குழந்தைக்குக் கணக்காகக் கொடுத்துப் பாருங்கள். முக்கால் என்பது 12 வீசம், அதோடு 3 வீசம்: 12/16 + 3/16 = 15/16. இன்னும் ஒரே ஒரு வீசம்தான் பாக்கி! என் பக்கத்து வீட்டுப் பையன் இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து, ஹோம்வொர்க் முடிந்ததா என்று கேட்டால் வீசக் கணக்கில்தான் பதில் சொல்கிறான்.

நாளைக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் வேண்டாம். டிபன் சாப்பிட்டு ஓடி விளையாடிவிட்டு வரட்டும். மூன்று கூட்டல், மூன்று கழித்தல், ஒரு லட்டுக் கேள்வி, போதும். பகுதி வேறு வேறாக இருக்கிற கணக்கு, அதாவது காலும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்பது மாதிரி, இப்போது எடுக்கவே வேண்டாம். அதற்குத் துண்டுகளை முதலில் ஒரே அளவாக்க வேண்டும். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் காகிதத்தைப் பன்னிரண்டாக மடிக்க முடிகிறதா என்று குழந்தையோடு உட்கார்ந்து பார்த்து வையுங்கள்.