வாயு மருந்து வரட்டும், உப்புத் தண்ணீரை விடவேண்டாம்

2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோதும் பாடசாலைக் கட்டடங்களில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எமது மக்கள். லயமும் மரக்கறிப் பாத்தியும் போன துக்கம் ஒருபுறமிருக்க, இத்தகைய இடங்களில் நாம் அதிகம் அஞ்சுவது பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்கே. பீலித் தண்ணீர் கலங்கியிருக்கும்; மலசலகூடமோ நூறு பேருக்கு ஒன்று.

இந்தப் பயம் நமக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்த நம் முன்னோரில் பலர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர். அந்நோய் ஓர் ஆளை ஒரே நாளில் வற்றச் செய்வது எப்படி என்பதை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற வைத்தியர் காட்டினார். கிருமி குடலை அரிப்பதில்லை. அது கக்கும் நச்சு குடற் கலங்களுக்குள் புகுந்து, மடையைத் திறந்துவிட்டது போல் உப்பை வெளியேற்றுகிறது. உப்பின் பின்னே தண்ணீரும் போகிறது. சாதாரண வயிற்றோட்டத்துக்குக் காரணமான ஈ. கோலி பற்றீரியாவில் ஒரு வகையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது ஆய்வுகூடங்களிலிருந்து ஒரு புதுமையான செய்தி வருகிறது. நைத்திரிக் ஒட்சைட்டு, காபனோரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு ஆகிய மூன்று வாயுக்களையும் நம் உடலே மிகச் சிறிய அளவில் உண்டாக்கி, கலத்துக்குக் கலம் செய்தி அனுப்புகிறது. நைத்திரிக் ஒட்சைட்டு பற்றிய கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசும் கிடைத்தது. வேறொரு குடற்கிருமியான குளொஸ்ரிடியத்தின் நச்சில் உடல் இந்த வாயுவை ஒட்டவைத்து அதை முடக்கிவிடுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. மற்ற இரு வாயுக்களையும் சிறுகச் சிறுக வெளியிடும் பொருள்களை எலிகளுக்குக் கொடுத்தும் பார்க்கிறார்கள். நச்சால் குடலில் நீர் பெருகுவது அவற்றால் குறைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காபனோரொட்சைட்டு என்பது மூடிய காம்பராவில் கரிச்சட்டி வைத்துத் தூங்குபவர்களைக் கொல்லும் அதே வாயு. உடல் தானே உண்டாக்கும் துளி வேறு, அடுப்புப் புகை வேறு. குளிருக்குக் கதவை அடைத்து நெருப்பு மூட்டும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு நியாயமாகாது. உள்ளிப்பூண்டிலுள்ள சில பொருள்களை நம் இரத்தம் ஐதரசன் சல்பைட்டாக மாற்றுவது உண்மைதான். அதற்காகப் பாட்டிமார் பூண்டுக் கசாயத்தை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது.

1971இல் கிழக்கு பாக்கிஸ்தானிலிருந்து ஓடிவந்த இலட்சக்கணக்கானோர் மேற்கு வங்காளத்தின் பொங்காவில் வாந்திபேதியில் விழுந்தனர். ஆஸ்பத்திரியில் சேலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பு, குளுக்கோசு, அப்பச்சோடா மூன்றையும் கலந்து பைகளில் அடைத்தார். அதைக் கரைத்து ஊட்டியவர்கள் பெரும்பாலும் தாதிகளல்லர். வீடிழந்து வந்த தாய்மாரும் சகோதரர்களுமே. நூற்றுக்கு 30 பேரளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4க்கும் கீழே இறங்கிற்று. குடலில் நச்சு இருந்தாலும் சீனியும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வாசல் மூடப்படுவதில்லை. தண்ணீரும் அவ்வழியே போய்விடுகிறது.

ஆனால் உப்புத் தண்ணீருக்கு ஒரு குறை உண்டு. இழந்த நீரை அது ஈடு செய்யும். போக்கை உடனே நிறுத்தாது. “குடுக்கக் குடுக்கப் போகுதே சாமி” என்று தாய்மார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பிள்ளை வற்றிப்போவது அதன் பிறகுதான். போக்கைக் குறைக்கும் மருந்தொன்று வந்தால் அந்தத் தாய்க்கு நம்பிக்கை பிறக்கும். ஆகவே எலிகளில் நடக்கும் இந்த வேலையை நாம் வரவேற்கிறோம். அது நம் தோட்ட மருந்தகத்துக்கு வரும்வரை கிண்ணத்தைக் கீழே வைக்கவேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.

குற்றம் தாய்மாருடையது மட்டுமல்ல. பிஸ்கற்றும் பழைய சேலையும் ஏற்றிவரும் நிவாரண லொறிகளில் ஜீவனிப் பைக்கற்றும் குளோரின் வில்லையும் எத்தனை? தேவாலயக் குழுக்களாகிய நாமும் இதில் தப்பமுடியாது.

ஜீவனி இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்குச் சீனி தலைதட்டிய தேக்கரண்டியால் 6, உப்பு அரை. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ, பிள்ளை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கட்டிவைக்கும் பையிலே ஜீவனி நாலு பைக்கற்று, ஒரு தேக்கரண்டி, ஒரு லீற்றர் போத்தல் ஆகியவையும் இருக்கட்டும்.