அடுப்படியில் உட்கார ஓர் இடம்



சென்ற இதழில் அரிசியில் வண்டு விழாமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார்: "டீச்சர், அரிசி டின்னைச் சுவரை ஒட்டாமல் காற்றாட வையுங்கள் என்கிறீர்கள். எங்கள் அடுப்படியில் ஆள் திரும்பவே இடமில்லை. டின்னை எங்கே கொண்டுபோய் வைப்பது?" நியாயமான கேள்விதான். இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

லயத்து வீட்டின் அடுப்படி 8 அடிக்கு 10 அடி இருந்தால் அதுவே பெரிய பாக்கியம். அதற்குள் கேஸ் அடுப்பு, தோம்பு, தொட்டி, ஐஸ்பெட்டி, 10 கிலோ அரிசி மூட்டை, மாமியார் கொண்டு வந்த அம்மி எல்லாம் அடங்க வேண்டும். பொழுது விடியுமுன்னே எழுந்து பசியாறலும் மதியச் சோறும் கட்டி, பிரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க வேண்டிய பெண், இந்த நெரிசலில் காலை எங்கே வைப்பாள்? தோட்டத்தை விட்டு வந்து மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் நிலையும் இதுதான். சுவர் பலகையாக இருந்தது சிமெண்டானது. இடம் என்னவோ கூடவில்லை.

சுவரை நம்மால் தள்ளி வைக்க முடியாது. ஆனால் அடுப்படி சிறிதாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் சுவர் காரணமில்லை, தரையில் நிற்கும் சாமான்தான் காரணம். உங்கள் அடுப்படி வாசலில் நின்று, எத்தனை பொருள் தரையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாளி, கூடை, வெங்காயச் சாக்கு, காலி போத்தல், எண்ணெய் டின், பழைய செய்தித்தாள் கட்டு. பத்துக்குக் குறைந்தால் நீங்கள் கெட்டிக்காரர். தரை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அறை அவ்வளவு பெரிதாகத் தோன்றும். கூட்டுவதும் துடைப்பதும் சுலபமாகும். எலியும் கரப்பானும் ஒளிய மூலை கிடைக்காது.

ஆகவே காசு செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியதும், அடுப்படியில் உள்ள அத்தனையையும் வாசலில் கொண்டு வந்து பரப்புங்கள். அண்டை வீட்டார் "வீடு மாறுகிறீர்களா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். தினமும் புழங்குவது ஒரு பக்கம், வாரம் ஒரு முறை எடுப்பது இன்னொரு பக்கம், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் எடுக்கும் அண்டா, முறுக்கு உரல், பெரிய வடிதட்டு மூன்றாவது பக்கம். இந்த மூன்றாவது கூட்டம்தான் நம் இடத்தை விழுங்குகிறது. வருடத்தில் நாலு நாள் வேலைக்கு 365 நாள் குடியிருப்பு! ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சாக்கில் கட்டி, கட்டிலடிக்கு அனுப்புங்கள். நாலாவதாக ஒரு குவியலும் சேரும். மூடியில்லாத ஐஸ்கிரீம் டப்பா, கைப்பிடி போன வாணலி, அடி விரிந்த வாளி. நம் பெண்களுக்குத் தங்கத்தைக் கூட அடகுக் கடையில் வைக்க மனம் வரும், உடைந்த வாளியைத் தூக்கி எறிய வராது. எறியுங்கள். இடம் பிடிக்கிறது என்று அம்மியை மட்டும் விற்றுவிடாதீர்கள். பின்வாசலில் கூரை நிழலில் வைத்தால் மழையும் படாது, மின்சாரம் போன நாளில் கை கொடுக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ வந்த டின்னும் தோம்பும் உறுதியாக இருக்கிறதே, மூடி நன்றாக இருக்கிறதே என்று கழுவி அடுப்படிக்குள் கொண்டு வருகிறவர்கள் உண்டு. எத்தனை தரம் கழுவினாலும் வேண்டாம். அரிசிக்கும் வேண்டாம், தண்ணீருக்கும் வேண்டாம்.

இனி, தரையை விட்டு எழுந்த சாமானை எங்கே வைப்பது? சுவரில்தான். பலகை அடிக்கும்போது நம் வீட்டு ஆண்கள் செய்கிற ஒரு காரியம், ஒன்றரை அடி அகலப் பலகையாகப் போடுவது. "நிறைய சாமான் பிடிக்கும்" என்பார்கள். பிடிக்கும்தான். முன் வரிசை டின்னுக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் போன வருடத்து மல்லி! பின்னால் இருப்பது கண்ணில் படாததால் கடையில் மறுபடி வாங்கி வருவோம். 6 அங்குல அகலப் பலகை போதும். ஒரு டின் நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் எதுவும் ஒளியக் கூடாது. குறுகிய பலகை தோளில் இடிக்காது, அறையையும் அடைக்காது. வேண்டுமானால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று போடுங்கள். பலகைச் சுவரானால் ஆணியைச் சட்டத்தில் இறக்குங்கள். சுவர்ப்பலகையில் அடித்தால் பருப்பு டின்னோடு ஒரு நாள் கீழே வரும். கனமானது இடுப்பு உயரத்தில், இலேசானது தலைக்கு மேலே. அடுப்புக்கு நேர் மேலே எதுவும் வேண்டாம். தீக்கு மேலே கை நீட்டி எடுக்கிற நிலை வரக் கூடாது, முந்தானை பத்திரம். முறம், சல்லடை, தோசைக்கல்லுக்கு ஒவ்வோர் ஆணி. சட்டி மூடிகளைக் கதவின் பின்புறம் இரண்டு மெல்லிய சட்டம் அடித்து அதில் செருகிவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். இருட்டான அறை எப்போதும் சிறிய அறைதான். விறகு எரித்த காலத்துப் புகைக் கரி பல லயத்து வீடுகளில் இன்னும் உத்தரத்தில் இருக்கிறது. அதன் மேலேயே சாயம் பூசினால் மஞ்சளாக ஊறி வெளியே வந்துவிடும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காய விடுங்கள். பிறகு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ பூசுங்கள். 1 லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். 8 அடிக்கு 10 அடி அறையில், 8 அடி உயரச் சுவரில், கதவு சன்னலைக் கழித்தால் 250 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 5 லிட்டர் டின் ஒன்று. பலகைச் சுவர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். அலமாரிப் பலகைக்கும் சுவரின் நிறத்தையே பூசுங்கள், பலகை சுவரோடு சேர்ந்து கண்ணுக்கு மறைந்துவிடும். வேறு நிறம் பூசினால் சுவரில் கோடு போட்டது போல் அறை துண்டு துண்டாகத் தெரியும்.

கூரையில் ஒரு தகரத்துக்குப் பதிலாக ஒளி புகும் தகடு போட்டால் பகலில் விளக்கே வேண்டாம். ஆனால் தோட்டத்து வீடு நம்முடையதல்ல. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டப்படி, வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. அனுமதியில்லாமல் கட்டடத்தில் மாற்றம் செய்வதற்கு அதே சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே கூரை ஒழுகினால் தயங்காமல் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். தகரம் மாற்ற ஆள் வரும் நாளில் ஒளித் தகட்டையும் கேட்டுப் பாருங்கள். அடுக்குமாடிச் சகோதரிகளுக்கு ஒன்றே ஒன்று: பின்னால் துணி காயப் போடும் இடத்தைப் பலகை வைத்து அடைத்து அடுப்படியைப் பெரிதாக்காதீர்கள். வெளிச்சமும் காற்றும் வருகிற ஒரே வழி அதுதான்.

கேஸ் தோம்பு பார்க்க அழகில்லை என்று திரைக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் மறைப்பதைப் பார்க்கிறேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். தோம்பு நேராக நிற்க வேண்டும், சுற்றிலும் காற்று ஓட வேண்டும். வாடை வந்தால் தோம்பை மூடி, கதவு சன்னலைத் திறந்து, விளக்குச் சுவிட்சைத் தொடாமல் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள். தரையை விட்டு எல்லாவற்றையும் எழுப்பச் சொன்ன நான், தோம்பை மட்டும் தரையிலேயே விடச் சொல்கிறேன்.

இடத்தைச் சிக்கனமாக்குவது நமக்கு மட்டும் வந்த கவலையல்ல. 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்கு மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஓர் அடுப்படியை வரைந்தார். அகலம் 6 அடி, நீளம் 11 அடி, அவ்வளவுதான். ரயில் வண்டியின் சமையல் பெட்டியைப் பார்த்து, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்துச் செய்தது. அரிசி போன்ற சாமான்களுக்குப் பெயர் எழுதிய அலுமினிய இழுப்பறைகள், சுவரோடு மடங்கும் துணி தேய்க்கும் பலகை, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் முக்காலி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். அதில் ஒரு குறை சொன்னார்கள்: ஒருவருக்கு மேல் நிற்க முடியாது, பிள்ளை வெளியேதான் இருக்க வேண்டும். நம் வீட்டுக்கு அது சரிப்படுமா? நம் அடுப்படியில்தான் பாட்டி வெங்காயம் உரிக்கிறார், அப்பா தேத்தண்ணீர் குடிக்கிறார், பிள்ளை பாடம் படிக்கிறது.

ஆனால் அந்த மடக்குப் பலகையையும் முக்காலியையும் கடன் வாங்கிக்கொள்ளலாம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை. சுவர்ச் சட்டத்தில் இரண்டு கீல், அடியில் மடக்குக் கால். தரையிலிருந்து 29 அங்குலம் உயரம் வையுங்கள். நின்று வேலை செய்ய உயரமாக வேண்டும் என்று தச்சர் 34 அங்குலம் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். முக்காலி போட்டு உட்காருவதற்குத்தான் இந்தப் பலகை. காலையில் இறக்கி, காய் நறுக்கி, மேலே மடக்கிக் கொக்கி மாட்டிவிடலாம்.

இதைப் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் உண்டு. என் வகுப்பில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும்போது மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பொட்டும் உள்ள புத்தகங்கள் நிறைய வரும். திட்டுவதில்லை. கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது, அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று பிள்ளை அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து எழுதுகிறது. கணக்கைச் சரியாகப் போட்டிருக்கும், கோடு மட்டும் நெளிந்திருக்கும். இரவு 7 மணிக்கு அந்தப் பலகையை இறக்கித் துடைத்து, ஒரு விளக்கை இடப்பக்கம் மாட்டினால் அது படிப்பு மேசை. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு நிழல் விழாது.

பிள்ளை எழுந்த பிறகு உங்கள் முறை. எல்லாருக்கும் பரிமாறி முடித்து, பின்வாசல் படியில் சாய்ந்து தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடும் தாய்மாரை நான் அறிவேன். முக்காலி அங்கேயே இருக்கிறது, பலகையும் இறங்கியே இருக்கிறது. தட்டை அதில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

செலவைப் பொறுத்த மட்டில், மூன்று மாதச் சம்பளத்தில் பிரித்துக்கொள்வதே நல்லது. முதல் மாதம் ஒழிப்பதும் கழுவுவதும், ஒரு வெள்ளி செலவில்லை. இரண்டாம் மாதம் சாயம். மூன்றாம் மாதம் பலகையும் கீலும். வரிசையை மாற்றாதீர்கள், சாயம் பூசாத சுவரில் பலகை அடித்தால் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். அரிசி டின் கேட்ட சகோதரிக்கு: இரண்டு செங்கல் மேல் ஒரு பலகைத் துண்டு, சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி, தொட்டிக்கு எதிர்ப்பக்கம்.